வாயில் மறுத்தல்: ஒரு கல்லூரி நாவலும் நமது தயக்கமும்

சென்ற கோடை விடுமுறைக்குக் கல்லூரி மூடப்படும் நாளில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நமது அறைக்கு வந்து, தடித்த ஆங்கில நாவல் ஒன்றை மேசைமேல் வைத்தார். "ஐயா, இதை மூன்று முறை வாசித்துவிட்டேன். ஆயர் பணிக்குப் போகிறவன் இப்படிப்பட்ட நூலை இவ்வளவு விரும்பலாமா என்று நீங்கள் வாசித்துச் சொல்லவேண்டும்" என்றார். அமெரிக்க எழுத்தாளர் டானா டார்ட் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' என்னும் நாவல் அது. 'இரகசிய வரலாறு' எனத் தமிழாக்கிக்கொள்ளலாம்.

அவ்விடுமுறையில் பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரத்தில் ஒரு மாதம் தங்கி, அப்பகுதியிலுள்ள சிறு சபையாருக்கு ஊழியம் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தோம். ஆகவே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பனியையும், அங்குள்ள பழைய கல்லூரியின் குளிர்ந்த வகுப்பறைகளையும், தென்னந்தோப்புகளுக்கும் கொய்யாத் தோட்டங்களுக்கும் நடுவே, மின்விசிறி நின்று நின்று சுழன்ற ஓர் அறையில் அமர்ந்து வாசிக்க நேர்ந்தது. இதனைச் சொல்வது சுவைக்காக அன்று. நூலைப்பற்றி நமக்குள் எழுந்த இரு மனப்பான்மைக்கு அந்த ஊரும் ஒரு காரணமாயிற்று.

இன்றைய இளைஞர் இவ்வகை நூல்களை 'டார்க் அகடெமியா' என்று அழைக்கின்றனர். பழமையான கல்விக்கூடம், அதில் தன்னைத் தனியே ஒதுக்கிக்கொண்ட சிறு மாணவர் வட்டம், அவர்களை வசியப்படுத்தும் ஆசிரியர், செத்துப்போன மொழிகளின்மேல் மோகம், இவற்றினூடே ஒரு கொலை. இவையே அதன் இலக்கணம். பெயர் அண்மைக்காலத்தது, 2020ஆம் ஆண்டை ஒட்டிச் சமூக ஊடகங்கள் வழியே பரவிற்று. ஆயினும் அவ்வகைக்கு மூலநூல் எதுவெனக் கேட்டால் பெரும்பாலோர் இந்நாவலையே சுட்டுவர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கொலை யார் செய்தார் என்பதை ஒளித்துவைக்கும் நூலன்று இது. முதற்பக்கத்திலேயே கதைசொல்லி அதனை அறிக்கையிட்டுவிடுகிறான். ரிச்சர்ட் பாப்பென் என்னும் அவ்விளைஞன் கலிஃபோர்னியாவில் பெட்ரோல் நிலையம் நடத்தும் ஒருவரின் மகன். தன் எளிய பிறப்பைக் குறித்து வெட்கப்படுகிறவன். வெர்மான்ட்டிலுள்ள ஹாம்ப்டன் கல்லூரிக்கு வருகிறான். அங்கே ஜூலியன் மாரோ என்னும் கிரேக்க ஆசிரியர் ஐந்து மாணவரை மட்டுமே ஏற்றுக்கொண்டு, அவர்கள் ஏறத்தாழ எல்லாப் பாடங்களையும் தம்மிடமே கற்கவேண்டும் என்று வைத்திருக்கிறார். ஆறாமவனாக ரிச்சர்ட் உள்ளே நுழைகிறான். அவ்வட்டத்தில் நால்வர், ஹென்றி என்பவனின் தலைமையில், பண்டைய கிரேக்கரின் டயோனிசஸ் வழிபாட்டு வெறியாட்டை மீண்டும் நிகழ்த்திப்பார்க்க முயன்று, நள்ளிரவில் காட்டுப்புறத்தில் ஒரு விவசாயியைக் கொன்றுவிடுகின்றனர். அதனை அறிந்துகொண்ட தோழன் பன்னி அவர்களைக் குத்திக்காட்டியும் பணம் கறந்தும் வதைக்கிறான். இறுதியில் அவனையும் மலைப்பள்ளத்தில் தள்ளிக் கொல்கின்றனர். ரிச்சர்ட் உடன் நிற்கிறான். பன்னி குடிவெறியில் மனம் கலங்கித் தன்னிடம் கொட்டியதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் அவனே. நம்பி வந்து சொன்னவனைக் காட்டிக்கொடுப்பது எத்தகைய செயல் என்பதை ஆயர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. நாவலின் பிற்பாதி அவ்வட்டம் சிதைந்துபோவதைச் சொல்கிறது.

இங்கே கதைசொல்லியைப்பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 'நம்பத்தகாத கதைசொல்லி' என்னும் வழக்கை அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் எழுதிய நூலொன்றில் முன்வைத்தார். கதையைச் சொல்பவன் சொல்வதெல்லாம் நூலாசிரியரின் கருத்தாகிவிடாது; சொல்பவனையே நாம் எடைபோட்டுக்கொண்டு வாசிக்கவேண்டும் என்பது அதன் சாரம். மேனாட்டாருக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கலாம். தமிழ் அகப்பாடல்களைப் பயின்றவருக்கு இதில் வியப்பில்லை. கூற்று யாருடையது, யாரை நோக்கியது, எச்சூழலில் எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அகப்பாடலின் பொருளை நம் முன்னோர் கொண்டதே இல்லை. குறிப்பாக மருதத்திணையில் பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவன், நேரே வீட்டுக்குள் நுழைய முகமின்றிப் பாணனை 'வாயிலாக' அனுப்புகிறான். பாணன் இனிய குரலுடையவன், யாழும் வைத்திருப்பவன், தலைவன் நல்லவன் என்று சொல்லிக் கதவைத் திறக்கச்செய்வதே அவன் பிழைப்பு. அவன் பொய்யன் என்பதைத் தோழி அறிவாள். அவள் கதவை மறித்து நின்று பேசும் துறைக்கு 'வாயில் மறுத்தல்' என்று பெயர். ரிச்சர்ட் பாப்பெனை நாம் இந்தப் பாணனாகவே காண்கிறோம். ஹென்றிக்கும் அவ்வட்டத்துக்கும் வாயிலாக வந்து, நம் மனக்கதவைத் தட்டுகிறவன் அவன்.

தமிழ் நாவலிலும் இவ்வகைக் குரல் உண்டு. ஆதவன் 1980இல் வெளியிட்ட 'என் பெயர் ராமசேஷன்' நாவலின் கல்லூரி இளைஞன் தன் வேடங்களையும் பிறர் வேடங்களையும் ஓயாமல் உரித்துக்காட்டிக்கொண்டே போகிறான்; அந்த உரித்துக்காட்டலும் இன்னொரு வேடமோ என்ற ஐயம் வாசகருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ராமசேஷனின் கையில் இரத்தம் இல்லை. அவனிடம் ஏமாறினால் நமக்கு ஒரு சிரிப்பு மட்டுமே மிஞ்சும். ரிச்சர்டிடம் ஏமாறுவது வேறு வகை.

அவன் எவ்வாறு ஏமாற்றுகிறான்? நிகழ்ச்சிகளைப் பொய்யாகச் சொல்கிறானா என்றால், அப்படித் தெரியவில்லை. தன் பிறப்பைப்பற்றி நண்பர்களிடம் கூறிய பொய்களை, ஆரஞ்சுத் தோட்டங்களும் நீச்சல் குளங்களும் நிறைந்த கற்பனைக் குழந்தைப்பருவத்தை, நம்மிடம் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறான். எழில்மிக்கதாய்த் தோன்றும் எதன்மேலும் தனக்குள்ள அடங்கா ஏக்கமே தன் குறை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். தன் பொய்களை நம்மிடம் ஒப்புக்கொள்கிறவன் நம்மிடம் பொய் சொல்லமாட்டான் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். ஆயர் பணியில் நீண்டநாள் இருந்தவர்கள் இந்த உத்தியை அறிந்திருப்பார்கள். சிறு குற்றங்களைத் தாராளமாக அறிக்கையிடுகிறவர் பெரிய குற்றத்தின்மேல் பாயை விரித்து அதன்மேல் அமர்ந்திருப்பதுண்டு.

நமது எண்ணத்தில் ரிச்சர்டின் பொய் அளவில் இருக்கிறது. எதற்கு எத்தனை பக்கம் தருகிறான் என்பதில் இருக்கிறது. நாட்டுப்புற மாளிகையில் அவர்கள் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, ஏரிக்கும் தோணிக்கும் இரவு விருந்துகளுக்கும் எத்தனையோ பக்கங்கள். ஹென்றியின் கல்விக்கும் மௌனத்துக்கும் எத்தனையோ பக்கங்கள். பன்னியின் கஞ்சத்தனம், பிறர் காசில் உண்ணும் பழக்கம், பெண்களையும் கத்தோலிக்கரையும் இழித்துரைக்கும் வாய், இவற்றுக்கும் குறையாத இடம் உண்டு. இவன் எப்போது தொலைவான் என்று வாசகரே ஏங்கும் அளவுக்கு அவை அடுக்கப்படுகின்றன. (தமிழ்க் காதுக்கு 'பன்னி' என்ற பெயர் வேறொரு பிராணியை நினைவூட்டுவது தற்செயல்தான், ஆனால் கதைசொல்லி பக்கம் பக்கமாகச் செய்வதும் அதுவே.) நாம் நூலை மூடிவைத்துவிட்டு, ஒரு மனிதனின் சாவுக்காக மூன்று நாளாகக் காத்திருந்தோமே என்று திடுக்கிட்ட வேளை ஒன்று உண்டு. அத்திடுக்கீட்டை உண்டாக்கியது ஆசிரியரின் பெரிய ஆற்றல், அதனை மறுப்பதற்கில்லை. பன்னியின் அடக்கத்துக்குப் போகும் பகுதியில் அவனுடைய தந்தையின் அழுகையை வாசிக்கையில் நமக்கு நாணமே வந்தது.

ஆனால் அந்த விவசாயி? அவனுக்குக் கிடைப்பன சில வரிகளே.

இதனை நாமாகக் கண்டுகொண்டோம் என்று சொன்னால் அது பொய்யாகும். பாலசமுத்திரத்தில் ஒரு மாலை, நம்மைப் பார்க்கவந்த சபை மூப்பர் மேசைமேலிருந்த நூலைக் கண்டு, என்ன கதை என்று கேட்டார். பகலெல்லாம் தோப்பு வேலை பார்த்துவிட்டு, காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் காலங்களில் இரவுக் காவலுக்கும் போகிறவர் அவர். நாம் கல்லூரியையும் கிரேக்கத்தையும் ஆசிரியரையும் மாணவரையும் விவரித்து, கதையை முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சம்சாரி ராத்திரியில அங்கே எதுக்குங்க ஐயா நின்னாரு? தண்ணி பாய்ச்சவா, காவலுக்கா? அவரு பொண்டாட்டி பிள்ளைங்க என்ன ஆனாங்க?" நம்மிடம் விடையில்லை. முக்கால் பங்கு நூலை வாசித்திருந்தும் அந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் நம்மைச் சுட்டது. அவர் போனபின் பக்கங்களைத் திருப்பித் திருப்பித் தேடினோம். தேடியதற்குக் கிடைத்தது கொஞ்சமே.

வெறியாட்டைப்பற்றியும் அந்த ஊரிலிருந்து பார்க்கையில் ஒன்று தெளிவாயிற்று. பழனிப் பாதையில் காவடி எடுத்து ஆடுவோரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கிராமங்களில் சாமி இறங்கி ஆடுவதையும் கண்டிருக்கிறோம். சமயக் கருத்தில் நாம் அதிலிருந்து விலகி நிற்பவர்களாயினும், அங்கே ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனிக்காமல் இருக்கமுடியாது. ஆடுகிறவரைத் தாங்கிப்பிடிக்க ஆள் உண்டு. மேளம் எப்போது உச்சத்துக்குப் போகவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்று அறிந்தவர் உண்டு. ஊரே சுற்றி நிற்கும். மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்கத் தாயோ உடன்பிறந்தாளோ இருப்பாள். தன்னை இழப்பவரைக் காப்பது ஊரின் பொறுப்பு. ஹென்றியின் வட்டமோ தன்னை இழக்கும் இன்பத்தை மட்டும் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டது. தாங்கிப்பிடிக்க யாரும் இல்லாத வெறியின் குறுக்கே வந்து நின்றவன் அந்த விவசாயி.

அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கிரேக்க இலக்கியமே அவர்களைக் கண்டித்திருக்கும். யூரிப்பிடீசின் 'பாக்கே' நாடகத்தில் டயோனிசசின் வெறியில் ஆகவே என்னும் தாய் தன் மகன் பென்தியூசையே சிங்கக்குட்டி என்று எண்ணிக் கிழித்துவிடுகிறாள். அவன் தலையை ஏந்திப் பெருமிதத்துடன் ஊருக்குள் வருகிறாள். அப்போது அவளுடைய முதிய தந்தை காட்மஸ் அவளைக் கடிந்துகொள்வதில்லை. வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். யார் வீட்டுக்கு மருமகளாகப் போனாய், உனக்குப் பிறந்த மகன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பின்னரே கையில் இருப்பது யாருடைய தலை என்று கேட்கிறார். அவள் கண்டுகொள்கிறாள். ஆற்றுப்படுத்தும் ஊழியம் பற்றி நாம் வகுப்பில் பல நூல்களைப் பரிந்துரைக்கிறோம். அந்தச் சில நிமிடக் காட்சிக்கு இணையானதை அவற்றில் கண்டதில்லை. இந்நாவலில் அத்தகைய காட்சி வரவே இல்லை. காட்மசாக இருந்திருக்கவேண்டியவர் ஜூலியன். உண்மை தெரியவரும் கணத்தில் அவர் என்ன செய்கிறார்? கல்லூரியையும் மாணவரையும் விட்டுவிட்டு மறைந்துபோகிறார். அவர் மாணவரை விரும்பியது உண்மை. ஆனால் அவர்களுடைய அழகிய பக்கத்தை மட்டுமே விரும்பினார். ஆசிரியரைப்பற்றி எழுதப்பட்டவற்றுள் இந்த ஓட்டத்தைப்போல் நம்மைத் தொந்தரவு செய்தது வேறில்லை.

இறையியல் மாணவர்கள் இவ்விடத்தில் பாவ அறிக்கையைப்பற்றி எண்ணாமல் இருக்கமாட்டார்கள். ரிச்சர்டின் நூல் முழுவதும் ஓர் அறிக்கையே. ஆயினும் அது யாரிடம் செய்யப்படுகிறது? பதில் சொல்லக்கூடிய எவரிடமும் அன்று. புனித அகுஸ்தீன் தம் அறிக்கைகளைக் கடவுளை நோக்கிச் சொல்கிறார். கேட்பவர் முன்பே அனைத்தையும் அறிந்தவர் என்பதால் அங்கே அலங்காரம் செல்லாது. இந்த வேறுபாட்டைக் கொண்டே ரிச்சர்டைக் கண்டித்துவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். நாமும் அப்படித்தான் குறித்துவைத்திருந்தோம். ஆனால் மூப்பரின் கேள்வி அதனையும் விட்டுவைக்கவில்லை. அகுஸ்தீன் தம் பதின்வயதில் தோழரோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்கிறார்! தனியே இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன், தோழமையே பாவத்துக்கு இனிப்பூட்டிற்று என்று அவர் கண்டது இந்நாவலுக்கே எழுதிய உரைபோல் இருக்கிறது. காய்களைத் தின்பதற்காகக்கூடத் திருடவில்லை, பன்றிகளுக்கு எறிந்தார்கள். சரி, மரம் யாருடையது? அதனை நட்டவர் மறுநாட் காலையில் வந்து பார்த்து என்ன சொன்னார்? அவரிடம் போய் அகுஸ்தீன் எப்போதாவது மன்னிப்புக் கேட்டாரா? கொடைக்கானல் மலையிலிருந்து பேரிக்காய் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூட அக்கேள்வி தோன்றாதபடி, அவருடைய நடை அவ்வளவு அழகாக இருக்கிறது.

தாவீதின் சங்கீதமும் அப்படியே. 51ஆம் சங்கீதத்தில் குற்றம் கடவுள் ஒருவருக்கே எதிரானதாகச் சொல்லப்படுகிறது. உரியாவின் பெயர் பாட்டுக்குள் இல்லை, தலைப்பிலும் இல்லை. சபைதோறும் நாம் பாவ அறிக்கைக்கு வழிகாட்டியாக அதனையே எடுக்கிறோம். அதற்கு முந்திய நாத்தானின் கதையை அவ்வளவாக எடுப்பதில்லை. இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி செய்வது என்ன? ஐசுவரியவானின் மந்தையை ஒரு சொல்லில் முடித்துவிடுகிறான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி எப்படி வாங்கப்பட்டது, யாரோடு வளர்ந்தது, எதை உண்டது, எங்கே படுத்தது என்று நேரமெடுத்துச் சொல்கிறான். அரசன் தன் கதையில் தந்திருந்த அளவுகளை அவன் தலைகீழாக்கிவிட்டான். தாவீது எரிந்தெழுந்தது வாதத்தைக் கேட்டு அன்று, ஆட்டுக்குட்டியைப் பார்த்து. சகேயுவும் மனந்திரும்பியபோது தன் உள்ளத்தின் நிலையைப்பற்றி விரித்துரைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று கணக்குச் சொன்னான். இந்நூலை வாசித்தபின் பாவ அறிக்கை ஆராதனையை நடத்துகையில் நமக்கு இருக்கும் தடுமாற்றம் இன்னும் தீரவில்லை.

நமது திருச்சபை வரலாற்றிலும் இந்த அளவுக் கோளாறு இல்லாமல் இல்லை. பாலசமுத்திரத்தின் தெற்கே எழும்பி நிற்கும் மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் இருக்கிறது. 1845 முதல் அமெரிக்க மிஷனெரிமார் அங்கே வீடு கட்டிக் குடும்பங்களைக் காய்ச்சலிலிருந்து காத்தனர். 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று பள்ளியும் எழுந்தது. அவர்கள் நம் மக்களுக்குச் செய்த நன்மையை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து அவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் தோள்மேல் சுமந்து ஏறியவர்கள் யார்? மூடுபனியும் பூக்களும் அந்நாளைய எழுத்துகளில் பேரழகோடு வருகின்றன. சுமந்தவர்கள் பன்மையில் வருகிறார்கள். கல்லால் கட்டிய கோவில்கள்மேலும் பழைய கல்லூரிகளின் செங்கல் வளைவுகள்மேலும் நமக்கும் உள்ள காதல் ரிச்சர்டின் ஏக்கத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை என்று அஞ்சுகிறோம்.

நம்மைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கற்பிக்கத் தொடங்கிய ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நமது வீட்டில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசிக்கும் சிறு குழு ஒன்று கூடிற்று. ஐந்தாறு பேர், கூர்த்த அறிவினர், ஆங்கிலமும் நன்கு பேசுவர். தேநீரும் சிரிப்புமாக இரவு வெகுநேரம் ஆகும். அம்மாலைகளை இன்றும் ஆசையோடு நினைக்கிறோம். ஒரு நாள் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவர் ஒருவர் தாமும் வரலாமா என்று கேட்டு வந்தார். அவர் வாசிக்கையில் உச்சரிப்பை யாரோ ஒருவர் அப்படியே சொல்லிக்காட்டினார். எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அடுத்த வெள்ளியன்று அவர் வரவில்லை. அடுத்த பருவத்தில் கல்லூரியிலும் இல்லை. பின்னாளில் ஆசிரியர் பயிலரங்குகளில் இதனை நாம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம்; ஓர் ஆசிரியன் எப்படி முதிர்ச்சியடைகிறான் என்பதற்கு எடுத்துக்காட்டாக. கேட்டவர்கள் நமது நேர்மையைப் பாராட்டுவதும் உண்டு. இந்நாவலை வாசித்தபின்தான் எண்ணிப்பார்த்தோம். அந்த உரையில் குழுவுக்கு இருபது நிமிடம், நமது வருத்தத்துக்குப் பத்து நிமிடம், அவருக்கு இரண்டு வாக்கியம்.

அவர் இருக்குமிடத்தை விசாரித்து அறிந்து ஒரு கடிதம் எழுதத் தொடங்கினோம். முதல் வரைவை எழுதிமுடித்துப் பார்த்தால் மூன்று பக்கம் நம்மைப்பற்றி இருந்தது. கிழித்துவிட்டோம். இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது அரைப்பக்கம், அதை அனுப்பியிருக்கிறோம்.

இனி, நாவலைப்பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் குறைகள். கமில்லா என்னும் பெண் பாத்திரம் ஒரு சித்திரமாகவே நின்றுவிடுகிறாள். கழுத்தும் கூந்தலும் குரலும் தெரிகின்றன, மனம் தெரியவில்லை. இதற்கு அன்பர்கள் சொல்லும் விடை ஆயத்தமாக இருக்கிறது: அவளைப் பார்ப்பவன் ரிச்சர்ட், அவன் கண் அவ்வளவுதான் என்பர். விவசாயி மறக்கப்பட்டதற்கும் அதே விடைதான். இருக்கலாம். ஆனால் கதைசொல்லி நம்பத்தகாதவன் என்ற ஒரே சாவியால் எல்லாக் கதவையும் திறந்துவிட்டால், ஆசிரியர் எதற்குத்தான் பொறுப்பு? நாத்தானும் ஒரு கதையைப் புனைந்து சொன்னவனே. கேட்பவன் தப்பிப்போகமுடியாத ஒரு சொல்லைக் கடைசியில் அவன் வைத்திருந்தான். டானா டார்ட் அத்தகைய சொல் எதையும் வைக்கவில்லை. வாசகர் தாமே கண்டுகொள்வர் என்று விட்டுவிட்டார். கண்டுகொண்டார்களா? இந்நாவலை வாசித்து மயங்கிய இளைஞர் பலர் கம்பளிச் சட்டையும் மெழுகுவர்த்தியும் பழைய நூல்களுமாகத் தம்மை ஒப்பனை செய்து படம் எடுத்துக்கொள்கின்றனர். ரிச்சர்ட் எதனால் கெட்டானோ அதையே அவர்கள் நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாணன் வந்து பாடினான், கதவு திறந்துவிட்டது.

இக்குற்றத்தை ஆசிரியர்மேல் முழுவதும் சுமத்த நமக்கு மனமில்லை. அவர் அழகைக் குறைத்து எழுதியிருந்தால் நாமும் மயங்கியிருக்கமாட்டோம். மயங்காதிருந்தால் மூப்பரின் கேள்வி நம்மைக் குத்தியிருக்காது. அதே சமயம், பாலசமுத்திரத்தில் அன்று அவர் வராமல் இருந்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம் என்பதையும் எண்ணவேண்டியிருக்கிறது. அநேகமாக ஜூலியனைப்பற்றியும் கிரேக்கக் கல்வியைப்பற்றியும் இருபது பக்கம் எழுதியிருப்போம். ஒரு நூல் தன் நல்ல பயனைத் தருவதற்கு வாசகனுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கவேண்டியிருக்குமானால், அதனை நூலின் வெற்றி என்பதா, குறை என்பதா? அகத்திணையில் தோழி சில இடங்களில் வாயில் மறுக்கிறாள். சில இடங்களில் நேர்கிறாள். மறுத்துக்கொண்டே நேர்வதும் உண்டு. இந்நூலின் முன் நாம் நிற்பது அந்த மூன்றாவது நிலையில்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் மாணவரை அழைத்து நூலைக் கையில் கொடுத்தோம். விரும்புவது தவறில்லை, நாமும் விரும்பினோம் என்றோம். நான்காம் முறை வாசிப்பதாயின், இரண்டாம் சாமுவேல் 11, 12ஆம் அதிகாரங்களையும் 'பாக்கே' நாடகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விவசாயி வரும் இடங்களில் மட்டும் பென்சிலால் கோடிட்டு வரும்படி கேட்டுக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து அவர் நூலைத் திரும்பக் கொண்டுவந்தார். கோடுகளை எண்ண அதிக நேரம் ஆகவில்லை. பின்னட்டையின் உட்புறத்தில் மட்டும் அவர் சிறிய எழுத்தில் எதையோ எழுதியிருந்தார். கேட்டதற்கு, அந்த விவசாயியின் வீட்டில் மறுநாட் காலை எப்படி விடிந்திருக்கும் என்று எழுதிப்பார்த்ததாகவும், அரைப்பக்கத்துக்குமேல் போகவில்லை என்றும் சொன்னார். அதை முடித்துத் தந்தால் இவ்விதழில் வெளியிட ஆசிரியர் குழுவிடம் நாமே பரிந்துரைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.